மெத்தைக்கடை பாயம்மா நின்ற ஜாமீன்

தர்மபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெயர் கிருஷ்ணப்பன். எத்தனை ஜாமீன் பத்திரம் எழுதினேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு பத்திரம் மட்டும் மறக்கவில்லை. அதில் ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்பைச் சரிக்கட்டியது நானும் இல்லை, எங்கள் வக்கீலும் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆள்.

முதலில் பாயம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்தர் பேகம் என்று சொன்னால் அவர் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மெத்தைக்கடை பாயம்மா என்றால் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவனுக்குக் கூடத் தெரியும். முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் மெத்தை, தலையணை எல்லாம் அவர் கையால் தைத்தவை. பஞ்சு அடிக்கிற வேலை அவர் வீட்டுக்காரர் சலாவுதீன் பாயுடையது. நல்ல மனிதர். பஞ்சு அடிக்க உட்கார்ந்தால் அரைமணி நேரம் அடிப்பார், மிச்ச நேரம் புதுத் தொழில் எதையாவது யோசிப்பார். பாயம்மாவின் தகப்பனார் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டை மகள் பெயருக்கே எழுதி வைத்தார். அந்தப் பெரியவரின் கணிப்பு தப்பவில்லை.

தகப்பனார் இறந்த பிறகு வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்ற ஆபீசுக்குப் போனபோதுதான் பாயம்மா சர்க்கார் பத்திரம் வாங்கினார். அது அறுபத்து மூன்று பிப்ரவரி. சீனாச் சண்டை முடிந்த சமயம். எந்த ஆபீசுக்கு எந்த வேலையாகப் போனாலும் முதலில் சிறுசேமிப்பு பற்றி ஒரு பிரசங்கம் கேட்டாக வேண்டும். தேசியப் பாதுகாப்புப் பத்திரம், தபாலாபீசில் கிடைக்கும், நூறு ரூபாய் போட்டால் பன்னிரண்டு வருஷம் கழித்து நூற்றெழுபத்தைந்து என்று அங்கிருந்தவர் சொல்லிக்கொண்டே போனார். பாயம்மா மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டார். மகள் சுல்தானாவுக்கு அப்போது ஏழு வயது. பன்னிரண்டைச் சேர்த்தால் பத்தொன்பது. இரண்டு வளையலை விற்று ஐந்து பத்திரம் வாங்கிவிட்டார்.

வட்டி கூடாதே என்று சலாவுதீன் பாய் சொல்லிப் பார்த்தார். இது வட்டி இல்லை, சண்டைக்குக் கொடுத்த காசுக்கு சர்க்கார் காட்டும் மரியாதை என்று பாயம்மா ஒரே போடாகப் போட்டார். அதே சலாவுதீன் பாய் அடுத்த வருஷமே அந்தப் பத்திரத்தை உடைத்து வாடகை சைக்கிள் கடை வைக்கலாம் என்றார். அதற்கடுத்த வருஷம் ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை. மீன் ஆற்றிலேயே இருக்கிறது, எண்ணெய் மட்டும்தான் செலவு என்பது அவர் கணக்கு. நடுவில் உடைத்தால் அவ்வளவு தேறாது என்று தபாலாபீசில் சொல்லியிருந்தார்கள். பாயம்மா டிரங்குப் பெட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மாதேஸ். வத்தல்மலையில் சாமை, ராகி போடுகிறவன். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கிற சமயத்தில் பஞ்சு கட்டிக்கொண்டு இறங்கி வருவான். பத்து வருஷமாகப் பாயம்மாவுக்குப் பஞ்சு கொடுப்பவன் அவன்தான். எடைக்காகத் தண்ணீர் தெளிக்க மாட்டான், கொட்டையை உள்ளே விட்டு மூட்டை கட்ட மாட்டான். அறுபத்தாறாம் வருஷம் அவன் அப்பன் ஏறிய மரத்திலேயே ஏறிக் கிளையோடு காய் இறக்கினான். அந்தப் பக்கத்து மரங்களை அந்த வருஷம் காட்டிலாகா குத்தகைக்கு விட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டு போய் சப் ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

அவன் மனைவி கருப்பி மலையிறங்கி வந்து மெத்தைக்கடை வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான். பாயம்மா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்.

ஜாமீன் என்றால் ரொக்கமாகப் பணம் கட்டுவது என்று பாயம்மா நினைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு பைசா கட்ட வேண்டாம். இந்த ஆள் வாய்தாவுக்கு வருவான், வராவிட்டால் இவ்வளவு தொகை நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டுவதற்கு வக்கு இருக்கிறது என்பதற்கு வீட்டு வரி ரசீதோ நிலத்துப் பட்டாவோ காட்ட வேண்டும். அவ்வளவுதான். வந்தால் பத்திரம் வெறும் காகிதம். வராவிட்டால் அது கடன் பத்திரம் மாதிரி கழுத்தைப் பிடிக்கும். இதை நான் சொன்னபோது பாயம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவன் வருவான்தானே என்று என்னைக் கேட்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

கோர்ட்டில் ஆளுக்கு ஐந்நூறு வீதம் இரண்டு ஜாமீன் கேட்டார்கள். பாயம்மாவின் வரி ரசீது ஒரு ஆளுக்குச் சரி. இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. மலையில் பட்டா வைத்திருக்கிறவர்கள் குறைவு. சலாவுதீன் பாய் தாராளமாக முன்வந்தார், ஆனால் அவர் பெயரில் பஞ்சு அடிக்கிற வில்லைத் தவிர வேறு சொத்துக் கிடையாது. ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக சர்க்கார் பத்திரத்தை ஈடு வைக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது என்று வக்கீல் சொன்னார்.  பாயம்மா வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

மாதேஸ் பெயரில் நான்தான் மனு எழுதினேன். ஐந்து பத்திரங்களிலும் கோர்ட்டுக்கு ஈடாக வைக்கப்பட்டது என்று தபாலாபீசில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். அவை கோர்ட்டு பீரோவுக்குள் போயின. இனிமேல் அங்கே போய் யாரும் மீன் கடை வைக்கக் கேட்க முடியாது என்று பாயம்மா சொன்னார். சலாவுதீன் பாய் சிரித்தார். அன்று எல்லோருமே சிரித்தோம்.

மூன்று வாரம் கழித்து வந்த முதல் வாய்தாவுக்கு மாதேஸ் வரவில்லை.

கோர்ட்டில் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் வெளியே போய் வேப்பமரத்தடி, டீக்கடை எல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். வாரண்டு போட்டார்கள். ஜாமீன் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று பாயம்மாவுக்குப் பதினைந்து நாள் கெடுவில் நோட்டீஸ் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் மலைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். பாயம்மா திட்டவில்லை. அவனுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்றார். ஆனால் அன்று தைத்த தலையணையில் பஞ்சு வைக்காமலே வாயைத் தைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் பாயம்மா, சலாவுதீன் பாய், நான் மூன்று பேரும் கிளம்பினோம். அடிவாரம் வரைக்கும்தான் பஸ். அதற்கு மேல் நடை. பாயம்மா கொஞ்சம் கனத்த சரீரம். முதல் வளைவிலேயே புர்காவைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார். நாலு மணி நேரம் ஏறினோம். வழி நெடுக சலாவுதீன் பாய் இந்த மலையில் ஒரு சோடாக் கடை போட்டால் எப்படி ஓடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதில் சொல்ல எங்களுக்கு மூச்சு இல்லை.

மாதேஸ் ஓடி ஒளியவில்லை. வீட்டு முன்னால் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, கருப்பியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். ஏன் வரவில்லை என்று நான் சத்தம் போட்டேன். அவனுக்கு என் கோபமே புரியவில்லை.

"பாயம்மா எனக்குப் பிணை நின்னுட்டாங்க. அப்புறம் நானும் போயி நின்னா, அவங்க சொல்லு பத்தாதுன்னு ஆயிப்போவுமுங்க. அந்த மரியாதக் கொறச்சல நான் செய்யலாமுங்களா?"

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் ஒருவன் மேல் பிராது வந்தால் ஊர்க் கூட்டத்தில் இன்னொருவர் பிணை நிற்பார். நின்ற பிறகு பேச்செல்லாம் பிணைக்காரரோடுதான். குற்றம் சாட்டப்பட்டவன் கூட்டத்துப் பக்கமே தலை காட்டக் கூடாது. காட்டினால் பிணைக்காரரை அவமதித்ததாக அர்த்தம். மாதேஸ் மரியாதை காட்டியிருக்கிறான். அந்த மரியாதையின் விலை ஆயிரம் ரூபாய்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாயம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டதே நீ வருவேன்னுதான் மாதேஸ். நீ வரலைன்னா என் சொல்லு என்ன ஆவறது? கோர்ட்டுல இருக்கறது வெறும் காயிதம் இல்ல, சுல்தானாவோட கல்யாணம்."

அவன் முகம் செத்துப் போயிற்று. ஊர்ப் பெரியவர் தீர்த்தன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிணை நின்றவரே வந்து கூப்பிட்டால் போயே ஆக வேண்டும், அவர் வாயால் விட்டேன் என்று சொல்லும் வரைக்கும் இவன் அவருக்குக் கட்டுப்பட்டவன் என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கருப்பி சாமைச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

கெடு முடிவதற்குள் மாதேஸைக் கூட்டிக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிறுத்தினோம். வக்கீல் உள்ளதை உள்ளபடியே சொன்னார். மாஜிஸ்திரேட் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், சிரிப்பை மறைத்தார் என்பது என் சந்தேகம். வாரண்டை ரத்துச் செய்து, எச்சரிக்கையோடு ஜாமீனைத் தொடர விட்டார்.

அதற்குப் பிறகு மாதேஸ் ஒரு வாய்தா தவறியதில்லை. கோர்ட்டு திறக்கும் முன்பே வேப்பமரத்தடியில் நிற்பான். போகிற வழியில் மெத்தைக்கடை வாசலுக்கு வருவான். பாயம்மா தலை தூக்கி வந்தியா என்று கேட்பார். வந்தேனுங்க என்பான். மூன்று வருஷம் இழுத்த கேஸ் அறுபத்தொன்பதில் இருபத்தைந்து ரூபாய் அபராதத்தோடு முடிந்தது. பஞ்சு விற்ற காசில் கட்டினான். பத்திரங்கள் பாயம்மா கைக்குத் திரும்பி வந்தன. அவர் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இங்கேதான் என் தப்பு. ஈட்டிலிருந்து பத்திரங்களை விடுவித்ததாகக் கோர்ட்டு ஒரு கடிதம் கொடுக்கும். அதைத் தபாலாபீசில் காட்டினால்தான் அந்தச் சிவப்பு மைக்கு விடுதலை. மனு மாதேஸ் பெயரில் இருந்ததால் கடிதமும் அவன் பெயரில் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கிய பிறகு என்ன செய்தேன் என்பது ஆறு வருஷம் கழித்து எனக்கு நினைவில் இல்லை.

எழுபத்தைந்து மார்ச். பத்திரம் முதிர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுல்தானாவுக்குக் கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. பாயம்மா பத்திரங்களை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். அங்கே திருப்பிப் பார்த்துவிட்டு விடுவிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பாயம்மா நேராக என்னிடம் வந்தார்.

 தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆபீசைத் தலைகீழாக்கினேன். கேஸ் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தது, மனுப் போட்டு நகல் வாங்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். எண்ணூற்று எழுபத்தைந்து ரூபாய். பெண்ணின் நகை, விருந்து, சமையல்காரர் முன்பணம் எல்லாம் அதை நம்பித்தான் பேசியிருந்தார்கள். சலாவுதீன் பாய் வீட்டுப் பத்திரத்தை ஒருவரிடம் அடகு வைக்க விசாரித்துவிட்டு வந்தார். தகப்பனார் கொடுத்த வீட்டின் மேல் பாயம்மா அதுவரை ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று பாயிடம் சொல்லியிருந்தார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அந்தத் திங்கட்கிழமை காலையில் மெத்தைக்கடைக்குப் போனேன்.

சொன்னேன். வாங்கியது நான்தான், தொலைத்ததும் நான்தான் என்று சொன்னேன்.  பாயம்மா தலையணை உறையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தார். உள்ளே சுல்தானா விசும்புகிற சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது வாசலில் மாதேஸ் வந்து நின்றான். அது புதிதில்லை. கேஸ் முடிந்த பிறகும் மாதா மாதம் அமாவாசை கழிந்த முதல் திங்கட்கிழமை வந்து நிற்பான். பஞ்சுக் காலத்தில் பஞ்சு, மற்ற மாதங்களில் தேனோ சாமையோ. பாயம்மா வந்தியா என்று கேட்டால் போய்விடுவான். வியாபாரத்துக்கு வருகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அன்று பாயம்மா தலை தூக்கவில்லை. அவன் போகவும் இல்லை. கால்மணி நேரம், அரைமணி நேரம், நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் நான்தான் எரிச்சலோடு, கோர்ட்டுக் காகிதம் ஒன்று தொலைந்துவிட்டது, நீ போ என்றேன்.

"நீங்க எங்கிட்ட குடுத்தீங்களே, அந்தக் காயிதமுங்களா?"

தோள் பையிலிருந்து ஒரு மூங்கில் குழாயை எடுத்தான். வாயில் மெழுகு அடைத்திருந்தது. நகத்தால் மெழுகைக் கீறிக் குழாயைத் தட்டினான். உள்ளேயிருந்து சுருட்டிய காகிதம் ஒன்று விழுந்தது. பிரித்தேன். கோர்ட்டு முத்திரை, தேதி, ஐந்து பத்திரங்களின் நம்பர். தேன் வாசனை அடித்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அறுபத்தொன்பதில், கோர்ட்டு வராந்தாவில், இதைப் பத்திரமா வெச்சிரு என்று அவன் கையில் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அவன் பத்திரமாக வைத்திருந்தான். வீட்டில் கூட வைக்கவில்லை. ஆறு வருஷம் மாதா மாதம் மலையிறங்கிக் கொண்டு வந்து, கொண்டு போயிருக்கிறான்.

பாயம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"கேஸ்தான் எப்பவோ முடிஞ்சு போச்சே மாதேஸ். இத ஏன் இன்னும் சொமந்துக்கிட்டு வர்ற?"

"கோர்ட்டு என்னை விட்டுருச்சுங்க பாயம்மா. நீங்க இன்னும் விட்டேன்னு சொல்லலையே."

தீர்த்தன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிணை நின்றவர் வாயால் சொல்லும் வரை கட்டு அவிழாது. அவன் பஞ்சு விற்க வரவில்லை, தேன் விற்கவும் வரவில்லை. அவன் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தான். நான் கோர்ட்டிலேயே காலம் தள்ளியவன். இப்படி ஒரு ஆஜரை நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதற்கென்ன.

அன்று மத்தியானமே பணம் கைக்கு வந்தது. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சீர் மெத்தை அந்த வருஷத்து இலவம்பஞ்சில் பாயம்மா கையால் தைத்தது. பந்தியில் மாதேஸையும் கருப்பியையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சலாவுதீன் பாய் பிரியாணிக் கடை ஒன்று போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அடுத்த அமாவாசை கழிந்த திங்கட்கிழமை பாயம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்றைக்கு அவனை விட்டுவிடுகிறேன், பாவம், எத்தனை வருஷம் ஏறி இறங்குவான், நீ சாட்சிக்கு இரு என்றார். சொன்னபடியே மாதேஸ் வந்து நின்றான். பாயம்மா எழுந்து வாசலுக்கு வந்தார்.

"மாதேஸ்" என்று ஆரம்பித்தார்.  அவன் குனிந்து கைகட்டி நின்றான். அவர் அவனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திரும்பிக் கடையைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் வர்றப்போ ரெண்டு படி சாமை கொண்டா" என்றார்.

"சரிங்க பாயம்மா" என்று சொல்லிவிட்டு அவன் போனான். போகும்போது அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாயம்மா உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். கண் சரியாகத் தெரியாமல் இரண்டு தரம் தவறியது.

"சுல்தானாவ அனுப்பி இன்னும் ஒரு மாசம் கூட ஆவல. எல்லாரையும் விட்டுட்டா அப்புறம் இந்த வூட்டுக்கு யாருதான் வருவாங்க கிருஷ்ணப்பா?"

நான் இருக்கிறேனே என்று உள்ளேயிருந்து சலாவுதீன் பாய் குரல் கொடுத்தார். பாயம்மாவுக்கு மூன்றாம் தரம் நூல் ஊசிக்குள் போயிற்று.